அந்தி ஒளிப்படம்: அமைப்பும் திருத்தமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். முல்லைக்கு மாலையும் நெய்தலுக்கு எற்பாடும் உரிய சிறுபொழுதுகளாயின. எற்பாடு என்பதற்குக் கதிரவன் படும் வேளை என்பதே பலரும் கொள்ளும் பொருள். ஆகவே, ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் அந்திப் பொழுதின் ஒளிப்படத்தைப் பற்றிப் பேசுவது தடம் மாறிய பேச்சாகாது. புலவர் சொல்லால் நிறுத்த முயன்ற அதே பொழுதை ஒளிப்படக் கலைஞர் ஒளியால் நிறுத்த முயல்கிறார். இருவருக்கும் இடர் ஒன்றே, பொழுது நில்லாது.

இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் ஒளிப்படம் எடுப்போரே. மாலை நேரத்தில் எந்தக் கடற்கரைக்குச் சென்றாலும் மேற்கு நோக்கி நீளும் கைகளைக் காணலாம். ஆனால், எடுத்த படத்தை வீட்டில் பார்க்கும்போது, 'கண்ணால் கண்டது இதுவன்றே' என்னும் ஏமாற்றமே பலருக்கும் எஞ்சுகிறது. அவ்வேமாற்றத்தைப் போக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, எடுக்கும்போதே காட்சியை நன்கு அமைத்துக்கொள்ளுதல். மற்றொன்று, எடுத்த பின் படத்தைத் திருத்துதல். முதலாவதைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. இரண்டாவது, எதுவரை திருத்தலாம் என்னும் வினாவை எழுப்புகிறது.

இவ்வினாவிற்கு விடை காணத் தமிழ்ப் புலமை உலகம் நெடுங்காலம் பழகிய ஒரு பணி துணை நிற்கும். அது சுவடிப் பதிப்பு. ஓலையில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடும் வழக்கமில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒன்று போலவே தோன்றும். செல்லரித்த இடங்களும் முறிந்த இடங்களும் இவற்றுக்கு மேல். 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் முதலானோர் இக்குறைகளைத் திருத்தித்தான் நூல்களை மீட்டனர். திருத்தாமல் விட்டிருப்பின் அந்நூல்கள் படிக்கத் தக்கனவாகக் கிடைத்திரா. அதே வேளையில், ஓலையில் இல்லாத பாடலைத் தாமே இயற்றி இடையில் வைத்திருந்தால் அதற்குப் பதிப்பு என்று பெயரில்லை. இடைச்செருகல் என்றே பெயர். அந்தி ஒளிப்படத்திலும் இவ்விரண்டும் உண்டு. இவற்றிடையே உள்ள எல்லை யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

அந்தி ஒளியின் இயல்பு

உச்சியில் நிற்கும் கதிரவனின் ஒளி காற்று மண்டலத்தை நேராகக் கடந்து வருகிறது. அடிவானத்தை அணுகியதும் அவ்வொளி சாய்வாக நெடுந்தொலைவு கடக்க வேண்டியுள்ளது. அப்போது அது ஊடுருவும் காற்றின் அளவு உச்சிப் பொழுதில் ஊடுருவுவதைப் போல ஏறத்தாழ 38 மடங்காகும். காற்றின் மூலக்கூறுகள் அலைநீளம் குறைந்த நீலத்தையும் ஊதாவையும் மிகுதியாகச் சிதறடிக்கின்றன. நெடுவழியில் நீலம் சிதறிப்போக, மஞ்சளும் செம்மையும் எஞ்சி வந்து சேர்கின்றன. உயரத்தில் முகில்கள் சிதறிக் கிடந்தால் அவை அச்செம்மையை ஏந்திக்கொள்கின்றன. துடைத்து வைத்தாற்போன்ற வானத்தைவிட ஓரளவு முகில் உள்ள வானமே அந்திப் படத்திற்கு ஏற்றது என்பதன் காரணம் இதுவே.

இன்னுமோர் உண்மையும் எண்ணத்தக்கது. கதிரவனின் வட்டம் வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலமுடையது. அடிவானத்தில் காற்று மண்டலம் ஒளியை வளைத்து, அவ்வட்டத்தை ஏறத்தாழ அதே அரைப் பாகை அளவிற்கு உயர்த்திக் காட்டுகிறது. வட்டத்தின் கீழ்விளிம்பு கடலைத் தொடுவதாகக் கண் காணும் வேளையில், இவ்வளைவு இல்லையெனில், கதிரவன் முழுவதும் அடிவானின் கீழே சென்றிருப்பான். எனவே, கண் காண்பதும் காற்றினால் ஒருமுறை திருத்தப்பெற்ற காட்சியே. 'உள்ளதை உள்ளவாறே காட்டுவது ஒளிப்படம்' என்னும் சொல்லை அத்துணை எளிதாகச் சொல்லிவிட இயலாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கண்ணுக்கும் கருவிக்கும் வேறுபாடும் பெரிது. கண், ஒளிமிகு வானைப் பார்க்கும்போது தன்னைச் சுருக்கிக்கொள்ளும். இருண்ட மணலைப் பார்க்கும்போது விரித்துக்கொள்ளும். மாறி மாறிப் பார்த்த இவ்விரண்டையும் உள்ளம் ஒரே காட்சியாக இணைத்துக்கொள்கிறது. கேமராவோ ஒரு நொடியில் ஒரே அளவையே கொள்ள வல்லது. வானத்திற்கு ஏற்ப ஒளியளவை வைத்தால் நிலம் கரியாகிவிடும். நிலத்திற்கு ஏற்ப வைத்தால் வானம் வெளிறிவிடும். ஓலையில் புள்ளியில்லாமை போன்றது இக்குறை. எழுதியவரின் பிழையன்று, எழுதிய பொருளின் இயல்பு.

காட்சி அமைப்பு

முதல், கரு, உரி என்னும் மூன்றையும் அகப்பாடலின் உறுப்புகளாகக் கண்ட மரபு, அந்திப் படத்தை அமைக்கவும் கைகொடுக்கிறது. பெரும்பாலான அந்திப் படங்களில் முதற்பொருள் மட்டுமே உள்ளது. கீழே கடல், மேலே வானம், நடுவில் ஒரு வட்டம். எத்துணை அழகிய வண்ணமாயினும் அத்தகைய படம் ஒன்றைப் பார்த்தவர் நூறையும் பார்த்தவராவார். கரைக்கு இழுக்கப்பட்ட கட்டுமரம், உலரும் வலை, தனித்த பனை, கூடு திரும்பும் பறவை எனக் கருப்பொருள் ஒன்று சேரும்போதுதான் படத்திற்கு இடமும் வாழ்வும் அமைகின்றன. அக்கருப்பொருள் காண்பவர் உள்ளத்தில் காத்திருத்தலையோ பிரிவையோ அமைதியையோ எழுப்புமாயின், உரிப்பொருளும் வாய்த்ததாகும்.

கருப்பொருள் பெரும்பாலும் நிழலுருவாகவே படத்தில் விழும். ஆதலால் அதன் வெளிக்கோடு தெளிவாக இருத்தல் வேண்டும். இரண்டு பனைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றினால் கரிய திட்டு மட்டுமே மிஞ்சும். நிற்குமிடத்தை இரண்டடி மாற்றிக்கொண்டால் இரண்டும் பிரிந்து நிற்கும். அடிவானக்கோடு சாயாதிருத்தலும் இன்றியமையாதது. கடல் சரிந்தாற்போல் தோன்றும் படத்தை எவ்வண்ணமும் காப்பாற்றாது. வானத்தில் வண்ணம் மிகுந்திருந்தால் அக்கோட்டைத் தாழ்த்தி வானுக்கு இடமளிக்கலாம். நனைந்த மணலிலோ வயல்நீரிலோ வானம் எதிரொளித்தால் கோட்டை உயர்த்தி நிலத்திற்கு இடமளிக்கலாம். இரண்டுக்கும் சமபங்கு அளிப்பது, எது தலைமையானது என்பதைக் கலைஞர் முடிவு செய்யவில்லை என்பதையே பெரும்பாலும் காட்டும்.

கதிரவன் படத்தில் எத்துணைச் சிறிதாக விழும் என்பது பலரை வியக்கவைக்கும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டு எடுத்தால், வட்டத்தின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். 500 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டு எடுத்தாலும் ஐந்து மில்லிமீட்டரை எட்டாது. மனிதர் ஒருவர் கதிரவனின் வட்டத்தளவு உயரமாகத் தோன்ற வேண்டுமாயின் அவர் ஏறத்தாழ 180 மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். பெரிய கதிரவன் வேண்டுவோர் கருப்பொருளை விட்டு வெகுதூரம் பின்வாங்கி நெடிய லென்ஸால் நோக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அவ்வாறு நோக்கும்போது ஒளிமிக்க கதிரவனைக் கண்ணாடி வழியே நேராகப் பார்ப்பது கண்ணுக்குத் தீங்கு என்பதை மறத்தலாகாது.

ஒளியளவைக் குறிக்கையில் கதிரவனை விலக்கி, அதன் அருகிலுள்ள வானத்தை அளப்பது பழகியவர் கைக்கொள்ளும் முறை. கதிரவனையே அளந்தால் எல்லாம் இருளும். ஐயமுள்ளபோது ஒரே காட்சியைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் மூன்று முறை எடுத்தல் நன்று. தமிழ்நாட்டுக் கரைகளில் கதிரவனின் வட்டம் அடிவானைத் தொட்டு முற்றும் மறைய இரண்டு நிமிடத்திற்குச் சற்று மேலாகும், அவ்வளவே. ஆதலால் இடத்தையும் அமைப்பையும் முன்னரே தேர்ந்திருத்தல் வேண்டும். ஆனால், கதிரவன் மறைந்ததும் கூட்டம் கலைவதைப் போலக் கலைஞரும் கலைந்துவிடலாகாது. அதன் பின்னரே பல நாள்களில் முகில்களின் அடிப்புறம் சிவக்கும். செம்மை மங்கி நீலம் கவியும். திரும்பிக் கிழக்கை நோக்கினால், மறையும் ஒளி பட்ட நிலமும் சுவரும் பொன்னிறம் கொண்டிருக்கும். புகழ்மிக்க அந்திப் படங்களுள் ஒன்று அவ்வாறு மேற்குக்கு முதுகு காட்டி எடுக்கப்பட்டதே.

இருட்டறையில் இருவர்

திருத்தம் என்பது கணினியோடு பிறந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. பிரெஞ்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளை எடுத்துப் பெரும்புகழ் பெற்றார். அக்காலத்துக் கொலோடியன் தகடு நீல ஒளிக்கு மட்டுமீறி வசப்படுவது. கடலுக்குப் போதிய நேரம் ஒளி பாய்ச்சினால் வானம் வெண்மையாய்ப் பாழாகும். லெ கிரே தம் படங்கள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்திற்கு ஒரு நெகட்டிவும் எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். செத் நகரக் கடலில் எடுத்த 'பேரலை' என்னும் படம் அவ்வகையினது.

இது பதிப்பா, இடைச்செருகலா? இரண்டு நெகட்டிவும் அதே இடத்தில், அதே வேளையில் எடுக்கப்பட்டிருப்பின் அது பதிப்பே. கண் கண்டதும் தகடு கொள்ள மாட்டாததுமான வானம் உரிய இடத்தில் மீட்டு வைக்கப்பட்டது. ஆனால், லெ கிரேயின் சில படங்களில் வானம் வேறு வேளையில், வேறிடத்தில் எடுக்கப்பட்டது என்பர் ஆய்வாளர். அங்கே எல்லை தாண்டப்பட்டுவிட்டது. செயல்முறை ஒன்றாயினும் செயலின் தன்மை வேறு. கருவியைக் கொண்டு எல்லை வகுக்க இயலாது என்பதை 160 ஆண்டுகளுக்கு முந்திய இச்செய்தி தெளிவாக்குகிறது.

மற்றொருவர் அமெரிக்க நாட்டின் ஆன்சல் ஆடம்ஸ். 1941 இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் காரில் சென்றுகொண்டிருந்தபோது, எர்னாந்தெஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலவு எழுந்திருப்பதையும், மேற்கில் இறங்கும் கதிரவனின் கடைசி ஒளி கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மேல் படுவதையும் கண்டார். விரைந்து பெரிய கேமராவை நிறுத்தினார். ஒளியளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிச்செறிவு எவ்வளவு என்பது அவர் நினைவில் இருந்தது. அதைக்கொண்டு கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்திற்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளை விட்டு ஒளி நீங்கிவிட்டது. அந்த ஒரே நெகட்டிவே எஞ்சியது.

ஆடம்ஸ் அந்நெகட்டிவை விட்டவாறே விடவில்லை. 1948 இல் அதன் கீழ்ப்பகுதியை வேதிப்பொருளால் செறிவூட்டினார். அச்சிடும்போது வானத்தை இருளாக்கினார். தொடக்க கால அச்சுகளில் வெளிறிய முகிற்கீற்றுகளோடு தோன்றிய மேல்வானம், பிற்கால அச்சுகளில் ஏறத்தாழ முழுக் கருமை எய்தியது. நெகட்டிவ் இசைக்குறிப்பைப் போன்றது, அச்சு அதன் இசைப்பைப் போன்றது என்பது பியானோ பயின்ற அவர் கொண்டிருந்த கருத்து.

இத்துணைத் திருத்தத்திற்குப் பின்னும் அப்படத்தில் மாறாத ஒன்று உண்டு. நிலவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சிலுவைகளின் ஒளியும் நிழலும் விழுந்தவாறே விழுந்திருக்கின்றன. ஆடம்ஸ் படமெடுத்த நாளைத் திட்டமாகக் குறித்து வைக்கவில்லை. ஐம்பதாண்டுகள் கழித்து 1991 இல், டென்னிஸ் டி சிக்கோ என்னும் வானியல் ஆர்வலர் படத்திலுள்ள நிலவின் இடத்தைக் கணக்கிட்டு, அது 1941 நவம்பர் 1 ஆம் நாள் மாலை 4 மணி 49 நிமிடத்தில் எடுக்கப்பட்டது எனக் கண்டறிந்தார். வானத்தின் நிறத்தை எத்துணை மாற்றியும் படம் தன் சான்றுத்தன்மையை இழக்கவில்லை. நிலவை ஓர் அங்குலம் அழகுக்காக நகர்த்தியிருந்தால் அக்கணக்கு பொய்த்திருக்கும். பதிப்பிற்கும் இடைச்செருகலுக்கும் உள்ள எல்லையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று கிடைத்தல் அரிது.

கணினித் திருத்தம்

இருட்டறையின் பணியை இன்று கணினி செய்கிறது. ஃபோட்டோஷாப் மென்பொருளின் முதற்பதிப்பு 1990 இல் வெளிவந்தது. பணியின் முறை பெரிதும் மாறவில்லை. முதலில் சாய்ந்த அடிவானத்தை நேராக்கி, வேண்டாத ஓரங்களை வெட்டுதல். அடுத்து, வெளிறிய பகுதியை அடக்கி, இருண்ட பகுதியைச் சற்றே உயர்த்துதல். இருளைப் பகலாகும்வரை உயர்த்தினால் அந்தி என்னும் பொழுதே அழிந்துவிடும். நிழலுருவுக்கு நிழலாயிருப்பதே அழகு.

வண்ணத்தில் தனிக்கவனம் வேண்டும். கருவி தானே வெண்மையைச் சமன்செய்யுமாறு விட்டால், அது அந்தியின் செம்மையைக் குறையெனக் கருதிக் குறைத்துவிடக்கூடும். எனவே பகலொளிக்குரிய அளவில் நிறுத்தி வைப்பது நல்லது. கேமராவில் இயன்றவரை 'ரா' கோப்பாகப் பதிவு செய்தால் இதைப் பின்னரும் சரிசெய்ய இடமுண்டு. செறிவைக் கூட்டும்போது முதலில் பாழாவது சிவப்பு. முகிலின் மென்மடிப்புகள் மறைந்து, சாயம் கொட்டினாற்போல் ஒரே தீற்றாகிவிடும். மடிப்பு தெரியுமட்டும் செறிவு. அதற்கு மேல் மிகை. கூட்டியும் குறைத்தும் எடுத்த மூன்று படங்களை ஒன்றாக்குவது லெ கிரேயின் இரட்டை நெகட்டிவ் முறையின் வழித்தோன்றலே. இன்றைய கைப்பேசிகள் பல, எடுப்பவர் அறியாமலேயே இதைச் செய்துவிடுகின்றன.

'செறிவூட்டுதல் இயற்கைக்கு மாறானது' என்று முற்றாக விலக்குவாரும் உளர். 1990 இல் ஃபியூஜி நிறுவனம் வெளியிட்ட வெல்வியா படச்சுருள், நிறங்களை மிகுத்துக் காட்டுவதற்காகவே இயற்கைக்காட்சிக் கலைஞர்களால் விரும்பப்பட்டது. படச்சுருளைத் தேர்ந்தெடுத்தபோதே திருத்தம் தொடங்கிவிட்டது. ஆதலால், திருத்தாத படம் என்று ஒன்றில்லை. எதற்காகத் திருத்தப்பட்டது என்பதே கேள்வி.

இடைச்செருகல்

1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் கீசா பிரமிடுகளின் படத்தை அட்டையில் வெளியிட்டது. அகன்ற படத்தை நெடிய அட்டையில் அடக்குவதற்காகப் பிரமிடுகள் கணினியின் உதவியால் அருகருகே நெருக்கி வைக்கப்பட்டன. கண்டனம் எழுந்தது, பின்னாளில் அவ்விதழே அதைப் பிழையென ஒப்புக்கொண்டது. அன்று ஒரு பெரிய நிறுவனத்தால் மட்டும் இயன்றது இன்று எவருக்கும் இயலும். 2020 இல் ஃபோட்டோஷாப் மென்பொருளிலேயே வானத்தை மாற்றும் வசதி இடம்பெற்றது. வெளிறிய நண்பகல் வானத்தை நீக்கிவிட்டு, எங்கோ எடுத்த செவ்வானத்தை ஒரு சொடுக்கில் ஒட்டலாம்.

'கலை என்பதே கற்பனைதானே. ஓவியர்க்குள்ள உரிமை ஒளிப்படக் கலைஞர்க்கு ஏன் இல்லை?' என இலக்கியம் பயின்றோர் கேட்கக்கூடும். கேட்கத் தக்க வினாவே. ஓவியத்தை எவரும் சான்றாகக் கொள்வதில்லை. ஒளிப்படத்தையோ, 'இவ்விடத்தில், இந்நாளில் இது நிகழ்ந்தது' என்னும் உறுதிமொழியாகவே உலகம் ஏற்கிறது. புனைந்த படத்தைப் புனைவு என்று சொல்லி வைத்தால் எவர்க்கும் இழப்பில்லை. சான்று என்று சொல்லி வைத்தால் அது பொய்ச்சான்று.

கன்னியாகுமரியை எடுத்துக்கொள்ளலாம். கதிரவன் மறையும் திசை ஆண்டு முழுவதும் ஒன்றன்று. மார்கழியில் மேற்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 24 பாகையும், ஆனியில் வடக்கே அதேயளவும் விலகும். அதனால் மார்கழி, தை மாதங்களில் அங்குக் கதிரவன் கடலில் படுகிறான். ஆனியில் நிலத்தின் பக்கம் மறைகிறான். விவேகானந்தர் பாறையும், 2000 ஜனவரி 1 இல் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலையும் நகரக் கரைக்குக் கிழக்குப் புறத்தில் உள்ளன. கரையில் நிற்பவருக்கு அவற்றின் புறத்தே கதிரவன் எழக் காணலாம். எந்த மாதத்திலும் மறையக் காண இயலாது. நகரக் கரையிலிருந்து நோக்க, சிலைக்குப் பின்னே செங்கதிர் படுவதாக ஒரு படம் வருமாயின், அது வைகறையை அந்தி என மயங்கியதாக இருக்க வேண்டும். அன்றேல் ஒட்டிய வானமாக இருக்க வேண்டும். 'அழகாக இருக்கிறதே' என்று அதை ஏற்றுக்கொண்டால், ஓர் ஊரின் திசையும் பருவமும் அங்கே அழிகின்றன. பல ஆண்டுகள் கழித்து அக்கரை எப்படியிருந்தது என்று ஆராய வருபவர், ஓலையில் இடைச்செருகலைக் கண்ட பதிப்பாசிரியரைப் போலத் திகைப்பார்.

முடிவாக, அந்திப் படத்தைத் திருத்துவோர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே. 'இத்திருத்தம், அங்கிருந்ததைக் காட்டுகிறதா, அங்கில்லாததைச் சேர்க்கிறதா?' ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம், வண்ணத்தை மீட்கலாம், கோட்டை நேராக்கலாம். இவை புள்ளியிட்டுப் படிப்பதைப் போன்றவை. கதிரவனை நகர்த்துதலும் வானத்தை மாற்றுதலும் புதுப்பாடல் எழுதிச் சேர்ப்பவை. பொறுமையுடையோர்க்கு அதற்குத் தேவையுமில்லை. இன்று வெளிறிய வானம் நாளை சிவக்கலாம். நாளையும் சிவக்கவில்லையெனின், வெளிறிய மாலையும் ஒரு மாலையே. அதற்கும் உரிய உரிப்பொருள் உண்டு. அதைக் கண்டு காட்டுவதே கலைஞரின் கடமை.